செத்த பிரபுவின் சம்மதம்

ஈ முதலில் எஜமானின் மூக்கில்தான் உட்கார்ந்தது. அங்கே மூச்சும் இல்லை, விரட்டுகிற கையும் இல்லை. தொந்தரவுபட ஆள் இல்லாத இடத்தில் ஈக்கு என்ன வேலை? எழுந்து ஒரு வட்டம் அடித்துவிட்டு ஜென்ஷிரோவின் காதுமடலுக்கு வந்து சேர்ந்தது. எஜமானுக்குக் கவலை இல்லை. செத்து இரண்டு நாள் ஆகிறது, அவருக்கு இனி ஈயும் ஒன்றுதான், நாட்டை ஆள்கிற ஷோகனும் ஒன்றுதான். உயிரோடு இருக்கிறவனுக்குத்தான் அரிக்கும். ஷோகனின் தலைநகரமான எடோவின் மழைக்காலப் புழுக்கத்தில், மகாபே பிரபுவின் மாளிகை உள்ளறையில், இரண்டு பஞ்சுப் போர்வைகளுக்கு அடியில், அம்மா முதுகைக் கட்டிக்கொண்டு தூங்குகிற பிள்ளை மாதிரி ஐம்பத்திரண்டு வயது ஜென்ஷிரோ செத்த பிரபுவின் முதுகை ஒட்டிப் படுத்திருந்தார். முகத்தைத் தலையணைக்குப் பின்னால் குவித்திருந்த துணிகளுக்குள் புதைத்திருந்தார். அவருடைய வலது கை எஜமானின் அங்கிக் கைக்குள் நுழைந்து, எஜமானின் வலது கையாக வெளியே வந்து, போர்வைமேல் பவ்யமாகக் கிடந்தது. எஜமானின் சொந்த வலது கையை வைத்தியர் கென்தாகு பின்பக்கமாக மடக்கிக் கட்டியிருந்தார். அது ஜென்ஷிரோவின் அடிவயிற்றில், இடது பக்கம், சரியாக ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தது. செத்தும் குத்துகிறான் பார். நெருங்கிப் படுத்தால் குத்துகிறது, விலகினால் போர்வை தூக்கிக்கொண்டு இரண்டு ஆள் இருப்பது தெரிந்துவிடும். இருபத்தெட்டு வருஷம் இவனிடம் வேலை பார்த்ததும் இப்படித்தான்; நெருங்கவும் முடியாது, விலகவும் முடியாது. காது அரித்தது. அரிக்கட்டும். கண்காணி வருகிற நேரம்.

காரணம் ஒன்றும் பெரிதில்லை. மகாபே பிரபுவுக்குப் பிள்ளை கிடையாது. நாற்பத்து மூன்று வயதுதானே, எனக்கென்ன அவசரம் என்று சுவீகாரமும் எடுக்காமல், முந்தாநாள் காலை ஊறுகாய் முள்ளங்கியைக் கடித்த வாயோடு அப்படியே சாய்ந்துவிட்டார். வாரிசு எழுதி வைக்காமல் பிரபு செத்தால் ஷோகனின் அரசாங்கம் சீமையைப் பிடுங்கிக்கொள்ளும். கோட்டை, வயல், ஆறு, ஆற்றில் துள்ளுகிற மீன் எல்லாவற்றையும். முன்பெல்லாம் சாகக் கிடக்கும்போது சுவீகாரம் எடுத்தால் அது செல்லவே செல்லாது. அப்படிப் பிடுங்கிப் பிடுங்கி, எஜமான் இல்லாத வாள்வீரர்கள் தெருத்தெருவாகப் பெருகி, நாலைந்து வருஷத்துக்கு முன்னால் அவர்களில் சிலர் தலைநகரையே கொளுத்தத் திட்டம் போட்டுப் பிடிபட்ட பிறகுதான் அரசாங்கம் விழித்துக்கொண்டது. சரி, சாகக் கிடக்கிற பிரபு சுவீகாரம் எடுக்கலாம், ஆனால் எங்கள் கண்காணி ஒருவர் நேரில் வந்து, பிரபு உயிரோடு இருக்கிறார், தன் கையால் முத்திரை வைக்கிறார், தன் வாயால் ஆம் என்கிறார் என்று பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்றார்கள். சாகக் கிடக்கிற பிரபுதான், செத்த பிரபு கூடாது. அன்றிலிருந்து எடோவில் எந்தப் பிரபுவும் கண்காணி வந்து போவதற்கு முன்னால் சாவதில்லை. வடக்கே ஒரு சீமையில் பிரபுவை உப்பில் போட்டு வைத்து மூன்று மாதம் ஆட்சி நடத்தினார்களாம். அந்த மூன்று மாதத்தில் அவர் பதினோரு உத்தரவு பிறப்பித்தாராம். ஒன்றுகூட முட்டாள்தனமாக இல்லையாம். அதில்தான் ஜனங்களுக்குச் சந்தேகம் தட்டியதாம். ஷோகனுக்கு இதெல்லாம் தெரியாதா? எல்லாம் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துகொண்டால், இந்தப் பிரபுக்கள் எப்போதும் நம் காலடியில் கிடப்பார்கள். அதுதான் கணக்கு. ஆனால் இன்று வருகிற கண்காணி நிஷிவாகி எல்லாரையும் போல இல்லை. போன வருஷம் ஒரு பிரபுவின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தேநீர்க் கிண்ணத்தை நீட்டி, "ஒரு மிடறு, என் மனத் திருப்திக்காக" என்றாராம். அந்தச் சீமை இப்போது இல்லை. அவருக்கு மகாபே பிரபுவின் முகம் நன்றாகத் தெரியும், குரலும் தெரியும். ஆகவே முகத்துக்கு எஜமான், குரலுக்கும் கைக்கும் ஜென்ஷிரோ.

முகத்துக்கு எஜமான். கென்தாகு அந்த முகத்துக்குக் கன்னத்தில் லேசாகச் சிவப்புத் தடவியிருந்தார். இன்று காலை பார்த்தபோது உயிரோடு இருந்ததைவிட நன்றாகத்தான் இருந்தது. குராமோட்டோகூட ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். தலைமைக் காரியஸ்தர் குராமோட்டோ, அறுபது தாண்டியவர், இந்த மாளிகையில் ஒரு கதவு தள்ளப்படுவதென்றால்கூட அவருக்குத் தெரிந்துதான் தள்ளப்படும். அவரே தன் கையால் ஜென்ஷிரோவின் கையை எஜமானின் அங்கிக்குள் நுழைத்துவிட்டு, முடிச்சுப் போட்டுக்கொண்டே, "காரியம் ஆனதும் சாயங்காலம் நீர் எஜமானோடு கூடப் போகிறீர்" என்றார், மழை வரும்போலிருக்கிறது குடை எடுத்துக்கொள்ளும் என்கிற தொனியில். "எங்கே?" என்று கேட்டுவிட்டார் ஜென்ஷிரோ, மடையன் மாதிரி. "எங்கேயா? எஜமான் எங்கே போயிருக்கிறாரோ அங்கே." "நான் கேட்கவில்லையே, ஐயா." "கேட்டீர். எஜமானும் மனமுவந்து அனுமதி கொடுத்தார்." "எப்போது?" "முந்தாநாள்." "முந்தாநாள்தான் எஜமான் செத்துப்போய்விட்டாரே." "அதற்குச் சற்று முன்னால்." இதைச் சொல்லும்போது அந்த ஆள் கண்ணைக்கூடத் தூக்கவில்லை. எஜமான் செத்தால் நெருங்கிய ஊழியர்கள் வயிற்றைக் கிழித்துக்கொண்டு கூடப் போவது பெரிய மரியாதை; ஆனால் நினைத்தவன் நினைத்தபடி போய்விட முடியாது. எஜமான் உயிரோடு இருக்கும்போதே கேட்டு, அவர் வாயால் சரி, வா என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் சொல்லாமலே கூடப் போனால் அது தெருநாய்ச் சாவு. அவர் சொல்லியும் போகாவிட்டால் அதைவிடக் கேவலம். வம்சமே வெளியில் தலைகாட்ட முடியாது. "உம் மகன் கிஹேய்க்குக் காவல்படையில் நல்ல இடம் கிடைக்கும்," என்றார் குராமோட்டோ. "நான் போகாவிட்டால்?" "கிடைக்காது." "இடம் கிடைக்காதா, கிஹேயே கிடைக்கமாட்டானா?" குராமோட்டோ முடிச்சை இறுக்கினார். "ஒவ்வொரு சொல்லையும் நோண்டிப் பார்க்கிற புத்தி உமக்கு. அதனால்தான் அந்தக் குரல் உமக்கு அவ்வளவு தத்ரூபமாக வருகிறது. படுத்துக்கொள்ளும், ஓய்."

அதற்குச் சற்று முன்னால். சற்று என்றால் எவ்வளவு? முள்ளங்கியை எடுத்ததற்கும் கடித்ததற்கும் நடுவிலா? கடித்ததற்கும் சாய்ந்ததற்கும் நடுவிலா? அந்த இடைவெளியில் ஜென்ஷிரோ ஓடி வந்து, காலில் விழுந்து, ஐயா நானும் சாகிறேன் என்று கெஞ்சி, எஜமான் வாயில் முள்ளங்கியை வைத்துக்கொண்டே சரி வா என்று சொல்லி, பிறகு மென்று, பிறகு சாய்ந்தார். ஆகட்டும். உப்பில் கிடந்த பிரபு பதினோரு உத்தரவு போடலாம் என்றால் இவர் வாயில் முள்ளங்கியோடு ஒரே ஒரு அனுமதி கொடுக்கக் கூடாதா? சிரிப்பு வந்தது. அடக்கினார். அடக்கியதில் வயிறு குலுங்கியது, எஜமானின் மடக்கிய கை அதே இடத்தில் குத்தியது, இடது பக்கம், தொப்புளுக்குக் கீழே நாலு விரல் தள்ளி. அட, அதே இடம்தான். கத்தி அங்கேதான் இறங்கும், அங்கிருந்துதான் வலப் பக்கமாக இழுக்க வேண்டும், பின்னால் நிற்கிறவன் அதற்குள் கழுத்தை வெட்டிவிட்டால் பாக்கியம். யார் நிற்பான்? குராமோட்டோ ஆள் ஏற்பாடு செய்திருப்பார். அவசரமில்லாத ஆளாகப் பார்த்து ஏற்பாடு செய்திருப்பார். நாக்கு வறண்டது. வறண்டால் குரல் வராது. எச்சில் ஊற வைக்க ஊறுகாய் பிளம் பழத்தை நினைத்தார், சிவப்பு, உப்புப் பூத்தது, நினைத்ததும் ஊறியது. உடம்புக்கு ஒன்றும் தெரிவதில்லை, சாயங்காலம் அது இருக்கப் போவதில்லை என்பதுகூடத் தெரியாமல் எச்சில் ஊறுகிறது. ஏன் சாக வேண்டும்? மரியாதைக்காக இல்லை. இந்தப் படுக்கையில் நடந்தது தெரிந்தவர்கள் மூன்று பேர். குராமோட்டோ வெளியில் சொல்லமாட்டார், கென்தாகுவைக் குராமோட்டோ பையில் போட்டு வைத்திருக்கிறார், மிச்சம் ஜென்ஷிரோ. அவருக்குக் குடித்தால் வாய் நிற்காது. அது ஊருக்கே தெரியும்.

கத்திவிட்டால் என்ன? நிஷிவாகி வந்து உட்கார்ந்ததும் ஒரே ஒரு தும்மல். போதும். செத்த பிரபு தும்மலாம், ஆனால் பின்பக்கத்திலிருந்து தும்ம முடியாது. குராமோட்டோவின் முகம் போகிற போக்கைத் துணிக் குவியல் வழியாகவாவது பார்க்கலாம். அப்புறம்? அப்புறம் எஜமானின் மிசுகோஷிச் சீமை இல்லை. முன்னூற்று நாற்பது குடும்பம் மூட்டை கட்டும். கிஹேயும்தான். பாலத்தடியில் உட்கார்ந்து குடைக்குக் காகிதம் ஒட்டுகிற வாள்வீரர்களை ஜென்ஷிரோ பார்த்திருக்கிறார். வாள் இடுப்பில் இருக்கும், உறைக்குள் வெறும் மூங்கில் பட்டை இருக்கும், இரும்பு எப்போதோ அடகுக்குப் போயிருக்கும். கிஹேய்க்குக் காகிதம் ஒட்டக்கூட வராது, கை நடுங்கும், அம்மா செத்ததிலிருந்து நடுங்குகிறது. அப்படியானால் கத்தக் கூடாது. கத்தாவிட்டால் சாயங்காலம். கத்தினால் சாயங்காலம் இல்லை, ஆனால் குராமோட்டோவின் ஆட்கள் இப்போதே, இங்கேயே. எந்தப் பக்கம் புரண்டாலும் குத்துகிறது. ஈ காதை விட்டுக் கழுத்துக்குப் போனது. நல்லது, அங்கேதானே வெட்டு விழப்போகிறது, அடையாளம் வைத்துவிட்டுப் போ.

இந்தக் குரல்தான் எல்லாவற்றுக்கும் வினை. முதலில் ஒரு இருமல், அடிவயிற்றிலிருந்து கல்லுரலை இழுக்கிற மாதிரி 'ம்ஹூம்', பிறகு ஒரு சொல், அந்தச் சொல்லின் வாலை விழுங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் எஜமான். ஆறு வருஷத்துக்கு முன்னால் நிலவு பார்க்கிற விருந்தில், நாலு கிண்ணம் உள்ளே போன பிறகு, "ம்ஹூம், என் குதிரைக்குச் சளி, சீமையில் யாரும் தும்மக் கூடா..." என்று ஜென்ஷிரோ செய்து காட்ட, கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது. அங்கிருந்த ஒரு திரைக்குப் பின்னால் எஜமான் நின்றார். தற்செயலாக இல்லை, குராமோட்டோ கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார். எஜமான் முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பை ஜென்ஷிரோ இன்றைக்கும் செய்து காட்டுவார், இரண்டு சின்ன மூச்சும் ஒரு பெரிய மூச்சும். மறுநாள் வீட்டு வாசல் கதவைச் சாத்தி, குறுக்கே இரண்டு மூங்கில் கட்டினார்கள். நூறு நாள் வீட்டுக் காவல். சன்னலெல்லாம் பலகை. யாரும் வரக் கூடாது, யாரும் போகக் கூடாது. நாற்பதாவது நாள் மனைவி ஓசேனுக்குக் காய்ச்சல். ஓசேன் ஆரம்பத்திலிருந்தே சொல்லுவாள், "வீட்டுக்குள் அந்தக் குரல் வேண்டாம், அந்த மனுஷன் நம் படுக்கையில் வந்து படுத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது" என்று. வைத்தியரை அனுப்பச் சொல்லிச் சுவர் மேல் வழியாகக் கடுதாசி எறிந்தார். குராமோட்டோ பதில் எழுதியிருந்தார், நல்ல கையெழுத்து, 'நூறு நாள் என்றால் நூறு நாள்'. அறுபத்து மூன்றாவது நாள் ஓசேன் போனாள். வாசல் மூங்கிலை அவிழ்க்கக் கூடாது என்பதால் கொல்லைச் சுவரை உடைத்து அந்த வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். நூறு முடிந்ததும் எஜமான் கூப்பிட்டு, ம்ஹூம், உடைத்த சுவரைக் கட்டிவிட்டா... என்று கேட்டார். கட்டிவிட்டேன் எஜமான். இப்போது நான்தான் உன் படுக்கையில் படுத்திருக்கிறேன். ஓசேன், கேட்டாயா, தலைகீழாகிவிட்டது.

காகிதக் கதவு தள்ளுகிற சத்தம். ஒன்று, இரண்டு, மூன்றாவது கதவு, வந்துவிட்டார்கள். பட்டு உரசுகிற சத்தம், முழங்கால் பாயில் ஊன்றுகிற சத்தம் இரண்டு. ஒன்று நிஷிவாகி, ஒன்று எழுத்தர். ஏழு பாய் தள்ளித்தான் உட்கார வேண்டும், அதுதான் முறை. நடுவில் மடிப்புத் திரை, அதில் ஒரு கை அகலம் திறப்பு, அந்தத் திறப்புக்கு நேராக எஜமானின் கன்னம். ஜென்ஷிரோ மூச்சை எஜமானின் முதுகுக்குள் விட்டார். அந்த முதுகு ஏறி இறங்கியது. நல்ல யோசனை. மறுபடி விட்டார். "நல்ல ஊதுவத்தி," என்றார் நிஷிவாகி. மென்மையான குரல், பட்டுத் துணிக்குள் ஊசி வைத்த மாதிரி. "என் தகப்பனார் சாவுக்குக்கூட நாங்கள் இவ்வளவு ஏற்றவில்லை." "எஜமானுக்கு அந்த வாசனை பிடிக்கும்," என்றார் குராமோட்டோ. "இரண்டு நாளாகப் பிடிக்கிறதோ?" "எப்போதும் பிடிக்கும்." "ஓகோ." எழுத்தர் மை தேய்க்க ஆரம்பித்தார், கரகரவென்று. குராமோட்டோ கடுதாசியைப் படித்தார்: அண்ணன் மகன், ஆறு வயது, சுவீகாரம், ஷோகனின் கருணை, பணிவு, நடுக்கம், கண்ணீர், எல்லாம் இருக்கிற இடத்தில் இருந்தன. "பிரபுவே," என்றார் நிஷிவாகி, "இந்தப் பையனைத்தானா?" இப்போது. பிளம் பழம். சிவப்பு. உப்பு. "ம்ஹூம்," கல்லுரல் நகர்ந்தது, "அவனைத்தா..." வால் விழுங்கப்பட்டது. எழுத்தரின் கை நின்றது. நிஷிவாகியின் விசிறி அசைகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒன்றும் சொல்லவில்லை. ஏன்? தேநீர் கேட்பாரோ? கென்தாகு முத்திரைக் கல்லை எஜமானின் வலது கையில், அதாவது ஜென்ஷிரோவின் வலது கையில், வைத்தார். கை நடுங்கியது. நடுங்கட்டும், சாகக் கிடக்கிறவன் கை நடுங்கத்தானே செய்யும். இந்த ஒரு நடுக்கத்துக்காவது நடிப்பு வேண்டியிருக்கவில்லை. காகிதத்தில் அழுத்தினார். எடுத்தார். முன்னூற்று நாற்பது குடும்பம் பிழைத்தது.

முடிந்தது, போய்விடுவார் என்று நினைத்தபோது நிஷிவாகி விசிறியை மடக்கினார். "இன்னும் ஒன்று. மேலிடத்தில் கேட்பார்கள். பிரபு அவர்களோடு கூடப் போக யாராவது அனுமதி கேட்டிருக்கிறார்களா?" "ஒருவர்," என்றார் குராமோட்டோ, மூச்சு விடுகிற நேரம்கூட எடுக்காமல். "ஸகாகி ஜென்ஷிரோ. பழைய ஊழியர். எஜமான் அனுமதி கொடுத்துவிட்டார்." "அப்படியா. பிரபுவின் வாயாலேயே கேட்டுவிட்டால் எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும். பிரபுவே, ஜென்ஷிரோ என்பவர் உங்களோடு வரச் சம்மதம்தானே?" இது ஒத்திகையில் இல்லை. குராமோட்டோவின் முதுகு நிமிர்ந்திருக்கும். ஆனால் பயத்தில் இல்லை, திருப்தியில். சம்மதம் என்கிற ஒரு சொல், அதைச் சொல்லத்தான் இந்தத் தொண்டையை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள், சொல்லு, ஓய். எஜமான் வாயால் ஜென்ஷிரோ ஜென்ஷிரோவைச் சாகச் சொல்ல வேண்டும். அதை எழுத்தர் எழுதிக்கொள்வார், ஷோகனின் கோட்டைக்குப் போகும், அப்புறம் உலகத்தில் யாரும் அதை அழிக்க முடியாது. யாரும் அழிக்க முடியாது. யாரும் என்றால் குராமோட்டோவாலும் முடியாது. இந்த நினைப்பு ஈ மாதிரி வந்து உட்கார்ந்தது. விரட்டினார். போகவில்லை. இங்கே, இந்த அறையில், இந்தக் கண்காணி எழுந்து போகும் வரைக்கும் மகாபே பிரபு உயிரோடு இருக்கிறார். அப்படித்தான் எல்லாரும் சத்தியம் செய்திருக்கிறார்கள். குராமோட்டோ தன் தலையை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறார். பிரபு பேசினால் அது பிரபு பேசியது. அதை மறுத்து, அது எஜமான் இல்லை என்று யார் சொல்ல முடியும்? சொன்னால் சீமை போகும், சொன்னவன் கழுத்தும் போகும். கத்த வேண்டியதே இல்லை. மெதுவாகப் பேசினால் போதும். ஜென்ஷிரோவுக்கு வியர்த்தது. கையில், எஜமானின் கையில், முத்திரை மை ஈரமாக இருந்தது. பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எழுதிவிடுவார்கள். எழுத்தர் தூரிகையைத் தூக்கிவிட்டார், மை சொட்டுகிற சத்தம்கூடக் கேட்கிறது.

"ம்ஹூம்," என்றது கல்லுரல். "ஜென்ஷிரோ வேண்டா..." அறையில் ஒருவரும் மூச்சு விடவில்லை, எஜமான் மட்டும்தான் மூச்சு விட்டார், முதுகு ஏறி இறங்கியது. "வேண்டாமா?" என்றார் நிஷிவாகி, குரலில் லேசான ருசி தட்டியிருந்தது. "எஜமானுக்குக் காய்ச்சல்," என்றார் குராமோட்டோ அவசரமாக, "நேற்றுச் சொன்னது இன்று மறந்துபோகிறது. எஜமானே, ஜென்ஷிரோவுக்கு நீங்கள் வாக்குக் கொடுத்தீர்கள், என் எதிரில்—" "மறக்கவில்லை. வேண்டா..." என்றது குரல். இவ்வளவுதான் ஜென்ஷிரோ நினைத்திருந்தது. உயிர் தப்பியது, வாயை மூடிக்கொண்டு கிட என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "ஆகவே கூடப் போகிறவர் யாரும் இல்லை," என்றார் நிஷிவாகி, "அப்படியே எழுதலாமா, பிரபுவே?" வாயை மூடிக்கொண்டு கிட. ஆனால் அந்தக் குரலுக்கு ஒரு பழக்கம் உண்டு, இருபத்தெட்டு வருஷமாக அதைக் கூர்ந்து கேட்டவருக்குத் தெரியும்; அது ஒருவனை விட்டால் உடனே இன்னொருவனைப் பிடிக்கும், கை காலியாக இருக்க அதற்குப் பிடிக்காது. இரண்டு சின்ன மூச்சு, ஒரு பெரிய மூச்சு. சிரிக்கிறது. யார் சிரிக்கிறது? அந்தச் சிரிப்பை ஜென்ஷிரோ வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாகச் செய்யவில்லை, அது தொண்டையில் ஏற்கனவே இருந்தது. "ம்ஹூம். குராமோட்டோ." "எஜமான்?" பழகிய உடம்பு, கூப்பிட்டதும் குனிந்துவிட்டது, நெற்றி பாயில் இடித்தது கேட்டது. "நீ வா."

மழை கூரையில் விழ ஆரம்பித்து, ஒருமுறை தாளம் பிடித்து, அதைவிட்டு வேறு தாளத்துக்குப் போயிருந்தது. பாயில் வைத்த நெற்றியை எடுக்காமல் அந்த ஆள் என்னென்ன நினைக்கிறார் என்று ஜென்ஷிரோவுக்கு வரிசையாகத் தெரிந்தது: வாரிசு சிறுபிள்ளை, நான் இல்லாமல் எப்படி என்று சொல்லலாம், சொன்னால், உயிருக்குப் பயந்தவன். அது எஜமானே இல்லை என்று சொல்லலாம். சொன்னால், சீமை இல்லை. காய்ச்சல் என்று மறுபடி சொல்லலாம். அப்படியானால் அந்த முத்திரையும் காய்ச்சலில் வைத்ததுதானே என்று நிஷிவாகி கேட்பார், கேட்கத்தான் காத்திருக்கிறார். எல்லாக் கதவும் அவரே சாத்தியது. குறுக்கே இரண்டு மூங்கிலும் அவரே கட்டியது. "தலைமைக் காரியஸ்தர் அதிர்ஷ்டசாலி," என்றார் நிஷிவாகி கடைசியில், அனுதாபம் என்று சொல்லிவிடக்கூடிய ஒரு தொனியில். "இப்படிக் கூப்பிடுகிற எஜமான் யாருக்குக் கிடைப்பார்?" "அடியேன் பாக்கியம்," என்றார் குராமோட்டோ பாயைப் பார்த்து. "எழுதிக்கொள்," என்றார் நிஷிவாகி எழுத்தரிடம். தூரிகை ஓடியது. அழகான சத்தம் அது, ஈரமாக, நிதானமாக; ஜென்ஷிரோ தன் வாழ்நாளில் தூரிகைச் சத்தத்தை இப்படி உட்கார்ந்து, இல்லை, படுத்துக் கேட்டதே இல்லை. பிறகு பட்டு உரசல், மூன்றாவது கதவு, இரண்டு, ஒன்று. வாசலில் பல்லக்குத் தூக்கிகள் ஏதோ கத்தினார்கள்.

குராமோட்டோ திரைக்குப் பின்னால் வந்தார். கென்தாகுவை வெளியே போகச் சொன்னார். மண்டியிட்டு, போர்வையை விலக்கி, முடிச்சை அவிழ்த்து, ஜென்ஷிரோவின் கையை எஜமானின் அங்கியிலிருந்து உருவி வெளியே எடுத்துவிட்டார். காலையில் கட்டியதைவிடப் பதமாகத்தான் அவிழ்த்தார். ஜென்ஷிரோ எழுந்து உட்கார்ந்தார். இடுப்பு வாளுக்கு அந்த ஆளின் கை போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்; போகவில்லை. இப்போது ஜென்ஷிரோவைக் கொன்றால் எழுதியதற்கு மாறாகிவிடும், எஜமான் வேண்டாம் என்ற ஆள் எப்படிச் செத்தான் என்று கோட்டையிலிருந்து கேள்வி வரும். குராமோட்டோவின் நெற்றியில் பாயின் கோடுகள் பதிந்திருந்தன. அவர் எஜமானின் முகத்தைப் பார்த்தார், சிவப்புத் தடவிய கன்னத்தை, ரொம்ப நேரம். "ஓய்," என்றார், குரலை இறக்கி, வாசலில் நிற்கிறவர்களுக்குக் கேட்காமல். "ஒன்றே ஒன்று சொல்லும். அந்தச் சிரிப்பு... அது அவர் சிரிக்கிற மாதிரியே இருந்தது. நாற்பது வருஷம் பக்கத்தில் இருந்தவன், எனக்குத் தெரியாதா? செத்தவர்கள் அப்படிப் பேசுவதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். கடைசியில் பேசியது அவர்தானே?" கெஞ்சுகிற குரல் இல்லை. ஆனால் குராமோட்டோவின் வாயில் கேள்விக் குரலை ஜென்ஷிரோ கேட்பது இதுதான் முதல் தடவை. அவர்தான் என்று ஒரு சொல் சொன்னால் போதும்; இந்த ஆள் எழுந்து போய்க் குளித்து, வெள்ளை உடுத்தி, எஜமான் கூப்பிட்டார் என்று நிம்மதியாகப் போய்விடுவார். ஒரு சொல். அதில் பாதி உண்மையாகக்கூட இருக்கலாம். ஜென்ஷிரோவுக்கே சரியாகத் தெரியவில்லை. நல்ல கையெழுத்து, நூறு நாள் என்றால் நூறு நாள். உடைத்த கொல்லைச் சுவர், அதன் வழியாக ஓசேனின் பாதம் முதலில் போனது. தொண்டையைச் செருமினார். கல்லுரல் நகரவில்லை, மெல்லிசாக, கம்மலாக, பாதி நாளாகப் பயன்படுத்தாத அவருடைய சொந்தக் குரல்தான் வந்தது.

"நான்தான், ஐயா," என்றார் ஜென்ஷிரோ. "முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும் நான்தான்."